கிளி யாரைக் கூப்பிடுகிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வீட்டு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழும். பூனை இன்னும் கொஞ்சம் கூட. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நல்ல கவனிப்பில் 40 முதல் 60 வருடம்வரை வாழக்கூடியது. பெரிய மக்காவும் காக்காத்துவாவும் அதே அளவு, சில சமயம் அதற்கும் மேல். சிக்காகோ அருகில் உள்ள புரூக்ஃபீல்ட் விலங்ககத்தில் குக்கி என்று ஒரு காக்காத்துவா இருந்தது. 1934ல் அந்த விலங்ககம் திறந்தபோது வந்த பறவை அது. 2016ல், 83 வயதில் இறந்தது. அதற்கு முதன்முதலில் தீனி வைத்த ஊழியர்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இருந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது நம்மில் ஒருவர் முப்பது வயதில் ஒரு சாம்பல் கிளிக் குஞ்சை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது முழு ஆயுள் வாழ்ந்தால் அவருக்கு எண்பது வயதாகும்போதும் காலையில் அதற்குப் பழம் நறுக்கிக்கொண்டிருப்பார். ஐம்பது வயதில் வாங்கியவர் என்றால் கணக்கு இன்னும் எளிது. கிளி இருக்கும், அவர் இருக்கமாட்டார்.

பறவைக் கடைகளிலும் விற்பனை விளம்பரங்களிலும் ஒரு வாசகம் தவறாமல் வரும்: 'குடும்பத்தில் ஒருவர் மாதிரி'. கிளி வளர்ப்பவர்கள் மனதார நம்பிச் சொல்கிற வாசகமும் அதுதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாசகத்தைக் கொஞ்ச நேரம் உண்மையாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். குடும்பத்தில் ஒருவர் என்றால் அந்த ஒருவரிடம் நாம் எதற்கெல்லாம் கட்டுப்பட்டிருக்கிறோம்? அதைவிட முக்கியமாக, ஒரு குடும்பத்தால் ஒரு பெரிய கிளிக்கு உண்மையிலேயே குடும்பமாக இருக்க முடியுமா?

*

பெரிய கிளிகள் பழகும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் 'கையால் ஊட்டி வளர்த்தது' என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். அதற்கு அர்த்தம், சில வாரக் குஞ்சாக இருக்கும்போதே தாய் தகப்பனிடமிருந்து பிரித்தெடுத்து, கஞ்சி மாதிரி கரைத்த மாவை சிரிஞ்சிலோ கரண்டியிலோ மனிதர் ஊட்டி வளர்த்தது என்பதுதான். இப்படி வளரும் குஞ்சு தன்னைக் கிளி என்று அறிந்துகொள்ள வேண்டிய வயதில் மனித முகத்தை மட்டுமே பார்க்கிறது. அதனால்தான் அது நம் தோளில் வந்து உட்காருகிறது, தலையைக் குனிந்து சொறிந்துவிடச் சொல்கிறது. அந்த நெருக்கம் தானாக வந்ததல்ல. அதன் வாழ்க்கையிலிருந்து மற்றக் கிளிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நம்மை வைத்திருக்கிறோம்.

குஞ்சுப் பருவத்தில் இதில் பெரிய சிக்கல் இல்லை. வீட்டில் எல்லாரிடமும் போகும். சில வருடங்களில் பறவை பருவம் எய்துகிறது. பெரும்பாலான கிளி இனங்கள் ஜோடி சேர்ந்து, அதே ஜோடியோடு நீண்ட காலம் வாழ்பவை. காட்டில் என்றால் கூட்டத்துக்குள் ஒரு துணையைத் தேடும். வீட்டில் துணையாகத் தேர்ந்தெடுக்க மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அது ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த ஒருவருக்குத் தின்றதைக் கக்கி ஊட்ட வருகிறது. அவர் பக்கத்தில் வருகிற மற்றவர்களைக் கடிக்கிறது. தேங்காய் ஓட்டைப் பெயர்க்கக்கூடிய அலகு அது, கடித்தால் தையல் போட வேண்டியிருக்கும். 'எங்க எல்லாருக்கும் செல்லம்' என்று வந்த பறவை அக்காவுக்கு முத்தமும் அண்ணனுக்குக் கடியும் கொடுக்கும் பறவையாக மாறுவது இப்படித்தான். பறவை கெட்டுப்போகவில்லை, பெரியதாகிவிட்டது.

என் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. குடும்பம் என்பது எப்படிப்பட்ட அமைப்பு? அதில் பிள்ளைகள் பிறக்கிறார்கள், வளர்கிறார்கள், படிக்கப் போகிறார்கள், கல்யாணம் கட்டுகிறார்கள், வேறு ஊரில் வீடு வாங்குகிறார்கள். பிள்ளைகள் கிளம்பிப் போவதைத்தான் ஒரு குடும்பம் ஒழுங்காக நடந்ததற்கு அடையாளம் என்கிறோம். விமான நிலையத்தில் அம்மா அழுதாலும் உள்ளுக்குள் பெருமைதான். ஆனால் அந்த வீட்டில் கிளி ஒன்று இருந்து, அது தேர்ந்தெடுத்தது அந்தப் பிள்ளையைத்தான் என்றால், அதன் கணக்கில் நடந்தது வேறு. துணை ஒருநாள் காலையில் பறந்து போனது. திரும்பி வரவில்லை. குடும்பத்தின் வெற்றியாக எது எண்ணப்படுகிறதோ, அதுவே அந்த ஒரு உறுப்பினருக்கு இழப்பாக இருக்கிறது. மற்ற எல்லாரும் வளர்ந்து வெளியே போகலாம், கிளி மட்டும் போகமுடியாது.

*

கிள்ளானில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே ஒரு சாம்பல் கிளி இருந்தது. அக்கா இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போது பெரியப்பா வாங்கிக் கொடுத்தது. அக்கா அதோடு பேசித்தான் பாடம் படிப்பாள். மெல்பர்னுக்குப் படிக்கப் போனவள் அங்கேயே வேலையும் எடுத்துக்கொண்டாள். அவள் போன அடுத்த வருடம் சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு நான் போயிருந்தேன். கிளியின் நெஞ்சில் இறகு இல்லை. சதை தெரிந்தது. தானே பிடுங்கிக்கொள்கிறது என்றார்கள்.

மிருக மருத்துவரிடம் இரண்டு தடவை கொண்டுபோயிருக்கிறார்கள். பேன் இல்லை, தோல் நோய் இல்லை. "மனசுதான்னு சொல்றாரு" என்றார் பெரியம்மா. "கூண்ட தொறந்தா நேரா அவ ரூமுக்குத்தான் போவுது. கதவு மேல உக்காந்துக்கிட்டு கூப்புடுது. அவ குரல்லயே கூப்புடுது தம்பி. பக்கத்து வீட்டு சீனத்தி வந்து, ஒங்க மக வந்துட்டாளான்னு கேக்குறா."

சத்தம் தாங்காமல் சாயங்காலம் ஆனால் கூண்டின்மேல் துணி போட்டுவிடுவார்கள். துணி போட்டால் அமைதியாகிவிடும். பெரியப்பா வாட்சாப்பில் அக்காவைக் கூப்பிட்டுக் கைப்பேசியைக் கூண்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாராம். அவள் குரலைக் கேட்டதும் கிளி கைப்பேசியின் பின்பக்கம் போய்ப் பார்த்ததாம். அதற்குப் பிறகு அப்படிச் செய்யவேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது பெரியம்மா என்னிடம் கேட்டார்: "நீ எடுத்துக்கிறியாய்யா? ஒனக்குத்தான் பறவன்னா புடிக்குமே." நான் பத்தாவது மாடியில் வாடகை அறையில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் இரவு எட்டுக்கு வருவேன். முடியாது என்று சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யார் என்ன தப்பு செய்தார்கள் என்று திரும்பிவரும் பேருந்தில் யோசித்தபோது ஒருவரையும் காட்டமுடியவில்லை. பெரியப்பா மகளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தார். அக்கா அதை நேசித்தாள், படிக்கப் போனாள். பெரியம்மா வேளாவேளைக்குத் தீனி வைக்கிறார். கூண்டு பெரியது, சுத்தமானது. யாரும் கொடுமை செய்யாமலேயே ஒரு உயிர் தன் தோலைத் தானே கிழித்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்கிறது. நம்முடைய வழக்கமான நீதிச் சொற்களுக்குள் இது எங்கே வரும்?

*

கிளி வளர்ப்பதை எதிர்ப்பவர்கள் பொதுவாகக் கூண்டைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சிறை, சுதந்திரம், வானம் என்று பேசுவார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. காட்டிலிருந்து பிடித்து விற்றதால் சாம்பல் கிளிக்கு வந்த கதி தெரிந்ததுதான். கானாவில் 1992க்குப் பிறகு அவற்றின் எண்ணிக்கை 90 விழுக்காட்டுக்கும் மேல் விழுந்துவிட்டது. 2016ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் அதை முதல் பட்டியலில் சேர்த்து, காட்டுப் பறவைகளின் வணிக வர்த்தகத்துக்குத் தடை போட்டார்கள். ஆனால் இன்றைக்கு வளர்ப்பவர் உடனே பதில் சொல்வார்: 'என்னுடையது காட்டிலிருந்து வந்தது இல்லை. பண்ணையில் பிறந்தது. உரிமம் இருக்கிறது. அதற்கு வானம் என்னவென்றே தெரியாது.' சட்டப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். வாரயிறுதியில் திடலுக்குக் கொண்டுபோய் மக்காவைச் சுதந்திரமாகப் பறக்கவிட்டு, கூப்பிட்டால் கைக்கு வரும்படி பழக்குகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அந்தப் பறவை பறக்கிறது. கூண்டை வைத்து மட்டும் பேசினால் அவர்களிடம் நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

இன்னொரு பக்கம் இருந்து வருவது, 'அது வெறும் பறவை, நீங்கள்தான் மனித உணர்ச்சியை ஏற்றிப் பார்க்கிறீர்கள்' என்ற வாதம். இது ஒரு காலத்தில் எடுபட்டிருக்கலாம். 1977ல் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆய்வாளர் சிக்காகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, 2007ல் இறக்கும்வரை அவரோடு இருந்தது. நூறுக்கும் மேற்பட்ட பொருள், நிறம், வடிவங்களுக்குச் சொல் தெரிந்திருந்தது. இரண்டு பொருளைக் காட்டினால் அவற்றில் எது ஒன்றுபோல் இருக்கிறது, எது வேறுபடுகிறது என்று சொல்லும். 2014ல் ஆஸ்திரியாவில் சாம்பல் கிளிகளின் ரத்தத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். குரோமோசோமின் நுனியில் டெலோமியர் என்ற பகுதி இருக்கிறது. வயதும் அழுத்தமும் ஏற ஏற அது குறுகும். தனியாக வைக்கப்பட்ட கிளிகளுக்கு, ஜோடியோடு இருந்த அதே வயதுக் கிளிகளைவிட அது குறுகியிருந்தது. 2020ல் வெளிவந்த வேறொரு ஆய்வில், சாம்பல் கிளிகள் உணவுக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய உலோக வளையங்களைப் பக்கத்துக் கூண்டுக் கிளிக்கு எடுத்துக் கொடுத்தன. தனக்கு உடனே எதுவும் கிடைக்காது என்ற நிலையிலும் கொடுத்தன.

இவற்றையெல்லாம் படிக்கிற கிளிப் பிரியர் மகிழ்ந்துபோவார். 'பார்த்தீர்களா, அதற்கு அன்பு உண்டு, அறிவு உண்டு' என்பார். எனக்கு இதே தகவல்கள் எதிர்ப்பக்கமாகத்தான் படுகின்றன. அதற்கு அன்பு இல்லையென்றால் பெரியம்மா வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. தீனியும் தண்ணீரும் போதும். அது உண்மையாகவே நேசிக்கிறது, உண்மையாகவே எதிர்பார்க்கிறது. கடன் அங்கேதான் ஏறுகிறது. அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியதும் நாம்தான். குஞ்சை அதன் இனத்திடமிருந்து பிரித்து, மனிதரைத் தவிர வேறு யாரும் தேவைப்படாதபடி வளர்த்து, பிறகு மனிதர் வழக்கப்படி நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். ஒரு உயிருக்கு ஒரு தேவையை நாமே செய்து கொடுத்துவிட்டு, அதைத் தீர்க்க முடியாத இடத்தில் அதை வைப்பது. இதுதான் தப்பு என்று நினைக்கிறேன். கூண்டு இல்லாமலும் இந்தத் தப்பு நடக்கும்.

*

நம் இலக்கியத்தில் கிளி நிறைய வருகிறது, ஆனால் வீட்டுக்குள் வருவதற்கு முன் அது வயலில் இருந்தது. சங்கப் பாடல்களில் பெண்கள் தினைப்புனத்தில் பரண்மேல் உட்கார்ந்து தட்டை, தழல், குளிர் போன்ற கருவிகளைத் தட்டிக் கிளியை ஓட்டுகிறார்கள். ஐங்குறுநூற்றில் கபிலர் கிள்ளைப்பத்து என்று பத்துப் பாட்டே பாடியிருக்கிறார். கிளி வருவதால்தான் அவள் காவலுக்கு வருகிறாள், அதனால்தான் சந்திக்க முடிகிறது என்று காதலன் கிளிகளை வாழ்த்துகிறான். அந்தக் கிளிக்கு மனிதர்கள் தேவையில்லை. அதற்குத் தினை வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் வந்த கிளிகள் நம் கைக்கு வந்துவிட்டன. ஆண்டாளின் இடக்கையில் இலைகளால் தினமும் புதிதாகக் கட்டிய கிளி. மீனாட்சியின் கையில் ஒரு கிளி. மதுரைக் கோயிலின் கிளிக்கூட்டு மண்டபத்தில் அம்மன் பேரைச் சொல்லப் பழக்கிய உண்மையான கிளிகளே கூண்டில் இருந்தன. தூது இலக்கியத்தில் கிளி காதலியின் செய்தியைச் சுமந்து போனது. சிராங்கூன் சாலையில் ஜோசியருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தது. 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது மணி என்ற அப்படியொரு கிளி சிங்கப்பூரிலிருந்து உலகச் செய்தியானதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கால் இறுதி ஆட்டங்களை எல்லாம் சரியாக எடுத்தது, இறுதியாட்டத்தில் நெதர்லாந்தை எடுத்துக் கோட்டை விட்டது. இந்தக் கிளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அவை வேறொருவருடைய வார்த்தையைச் சொல்கின்றன, வேறொருவருடைய வேலையைச் செய்கின்றன. கிளி பேசுகிறது என்றால் நம்மைப் பேசுகிறது என்றே இரண்டாயிரம் வருடமாகக் கேட்டுப் பழகிவிட்டோம்.

கிளிகள் தங்களுக்குள் என்ன பேசுகின்றன? வெனிசுவேலாவில் சின்னப் பச்சைக் கிளி இனம் ஒன்றை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், தாய் தகப்பன் கூட்டிலேயே ஒவ்வொரு குஞ்சுக்கும் தனியான ஓர் அழைப்பொலியைக் கொடுப்பதைக் கண்டார்கள். முட்டைகளைக் கூடு மாற்றி வைத்தபோது, குஞ்சுகள் பெற்ற பெற்றோரின் ஒலியை அல்ல, வளர்த்த பெற்றோர் கொடுத்த ஒலியையே கொஞ்சம் மாற்றித் தங்களுடையதாக்கிக்கொண்டன. பெயர் வைப்பது என்று இதைச் சொன்னால் அதிகம் மிகைப்படுத்தியதாகாது. காடுகளில் பெரிய கிளிகள் விடியலிலும் அந்தியிலும் பலமாகக் கத்துவது கூட்டத்தைக் கூப்பிட: 'நான் இங்கே இருக்கிறேன், நீ எங்கே?' பதில் வரும்வரை கூப்பிடும். பதில் வந்தால் அமைதியாகும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பெரியம்மா வீட்டு அந்திநேரக் கூச்சல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அது அக்காவின் குரலில் கூப்பிட்டது பாசாங்கோ வேடிக்கையோ இல்லை. அந்த வீட்டில் 'இங்கே வா' என்பதற்கு அதற்குத் தெரிந்த ஒலி அதுதான். கூப்பிட்டதற்குக் கிடைத்த பதில் ஒரு துணி. அடுக்குமாடி வீடுகளில் அண்டை வீட்டார் புகார் கொடுக்கும் சத்தமும் இதே கேள்விதான்.

நம் ஊர் மலாய்ச் சொல்லில் ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் காக்கட்டூ என்று போன பெயர் மலாயின் காக்காத்துவாவிலிருந்து, டச்சுக்காரர்கள் வழியாகப் போனது. ஆரம்பப்பள்ளியில் பாடிய பாட்டால் நமக்கெல்லாம் தெரிந்த பறவை. காக்கா என்றால் அக்கா, துவா என்றால் மூத்த, வயதான. பறவையின் பெயரிலேயே உறவுமுறை இருப்பதுபோல் காதில் விழும். மலாயில் அதே சொல்லுக்கு ஆணி பிடுங்கும் குறடு என்றும் அர்த்தம் உண்டு. பறவையின் அலகைப் பார்த்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. உறவாகக் கூப்பிட்டாலும் அதற்கு அலகு உண்டு என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

*

அப்படியானால் திறந்து விட்டுவிடலாமா? முடியாது. கையால் ஊட்டி வளர்ந்த கிளிக்கு எதைத் தின்பது, எதற்குப் பயப்படுவது என்று தெரியாது. தாமானில் விட்டால் சில நாளில் செத்துப்போகும். பிழைத்தால் வேறொரு சிக்கல், உள்ளூர்ப் பறவைகளின் மரப்பொந்துகளை அது பிடித்துக்கொள்ளும். ஆனாலும் பிழைத்தவை இருக்கின்றன. சிங்கப்பூரில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும் வெள்ளைத் தனிம்பார் காக்காத்துவாக்கள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. இந்தோனேசியாவின் தனிம்பார் தீவுகளில் மொத்தமாகப் பிடித்துச் செல்லப்பிராணிச் சந்தைக்கு அனுப்பப்பட்ட இனம். 1992ல் அதன் வணிக வர்த்தகத்தைத் தடை செய்தார்கள். அதற்குள் தப்பித்தவையும் விடப்பட்டவையும் இங்கே குடும்பம் கட்டிவிட்டன. அழிவின் விளிம்பில் இருக்கும் மஞ்சள் கொண்டைக் காக்காத்துவா ஹாங்காங்கில் சுமார் 200 இருக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றில் அது ஒரு கணிசமான பங்கு. யாரோ கைவிட்டதன் பேரப்பிள்ளைகள் அவை.

2011ல் சூ டொனால்ட்சன், வில் கிம்லிக்கா இருவரும் எழுதிய 'ஸூபொலிஸ்' என்ற நூல் விலங்குகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. நாய், பசு போன்ற வளர்ப்பு விலங்குகள் நம் சமூகத்தின் குடிமக்கள். காட்டு விலங்குகள் தங்கள் நிலத்தின் இறையாண்மை கொண்டவை. காகம், அணில்போல நம்மோடு வாழ்ந்தாலும் நம்மைச் சாராதவை உடன்வாசிகள். சிங்கப்பூர்க் காக்காத்துவா மூன்றாவது வகையில் வந்துவிடும். வீட்டுச் சாம்பல் கிளி எதில் வரும்? நாய் ஆயிரக்கணக்கான வருடம் மனிதரோடு வாழ்ந்து மனிதருக்கு ஏற்ப மாறிய உயிர். அதற்கு நம் வீடு உண்மையிலேயே வீடு. கிளிக்கு அப்படி ஒரு வரலாறு இல்லை. பண்ணையில் ஓரிரண்டு தலைமுறை பிறந்ததால் அதன் உடம்பு மாறிவிடவில்லை. காட்டு உடம்பு, குடும்பத்து மனது. எந்தக் கட்டத்துக்குள்ளும் அது பொருந்தாமல் நிற்பதற்குக் காரணம் நாம்தான்.

இங்கே எனக்கு வலுவாகப் படும் ஒரு மறுப்பு உண்டு. பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்ட ஒரு வீட்டில் தனியாக இருக்கும் முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். மனைவி இல்லை. ஒரு காக்காத்துவா இருக்கிறது. அது கத்துவதால்தான் காலையில் எழுகிறார். அதற்குப் பப்பாளி நறுக்கும்போது தானும் இரண்டு துண்டு சாப்பிடுகிறார். பகல் முழுக்க அதோடு பேசுகிறார். இவரிடம் போய் 'நீங்கள் செய்வது அறமா?' என்று கேட்க எனக்கு வாய் வராது. வாழ்நாள் முழுக்கக் கூட்டில் வைத்தாலும் அந்தப் பறவைக்கு நாள்முழுக்கப் பேசும் துணை கிடைத்திருக்கிறது. அக்காவின் கிளிக்குக் கிடைக்காதது அது.

இந்த மறுப்பை நான் ஒதுக்கவில்லை. அதற்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த முதியவர் கடைக்குப் போய் ஒரு குஞ்சை வாங்கினால், தன் தனிமைக்கு மருந்தாக இன்னொரு தனிமையை உண்டாக்குகிறார். தனக்குப் பின் முப்பது வருடம் ஓடப்போகிற தனிமை. ஆனால் ஏற்கெனவே தன் மனிதரை இழந்த, இருபது வயதான ஒரு கிளியை அவர் எடுத்துக்கொண்டால் எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒன்றுக்குப் பதில் சொல்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வீடும் ஒன்றுபோல்தான் இருக்கும், அதே கூண்டு, அதே பப்பாளி. அறத்தின் பார்வையில் இரண்டும் வேறுவேறு செயல்கள். தேவையை உண்டாக்குவது ஒன்று, இருக்கும் தேவைக்குப் பதில் சொல்வது இன்னொன்று. பெரிய கிளிகள் விஷயத்தில் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதைச் செய்யலாம். அதற்கே நம் ஊரில் வேண்டிய அளவு கிளிகள் இருக்கின்றன.

இருக்கும் கிளிக்கு என்ன பதில் சொல்வது என்பதில் அன்பைவிட ஏற்பாடு முக்கியம். முடிந்தால் அதற்குக் கிளித் துணை வேண்டும். 2023ல் 18 கிளிகளுக்கு மணியடித்து, திரையில் படத்தைத் தொட்டு, இன்னொரு வீட்டுக் கிளியை வீடியோவில் அழைக்கக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். அவை தாமாகவே அழைத்தன, அதில் தங்களுக்குப் பிடித்த நண்பர்களையும் தேர்ந்தெடுத்தன. திரையில் தெரியும் கிளிகூட மனிதர் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்கிறது என்பதுதான் எனக்கு அதில் பட்டது. அடுத்தது, ஒருவரிடம் மட்டும் ஒட்டிக்கொள்ள விடாமல் வீட்டில் இருவராவது தினமும் அதன் வேலைகளைப் பகிர்ந்துகொள்ளலாம். கடைசியாக, நமக்குப் பின் அது யாரிடம் போகும் என்பதை ஒரு தாளில் எழுதி, அந்த ஆளிடமும் கேட்டு வைக்கவேண்டும். குடும்பத்தில் ஒருவர் என்று உண்மையாகவே சொல்கிறவர்கள் இதைச் செய்ய யோசிக்கமாட்டார்கள். வீடு, காப்புறுதி, சேமநிதி எல்லாவற்றுக்கும் வாரிசு பெயர் எழுதுகிறோம். நாற்பது வருடம் மிச்சமிருக்கும் உயிருக்கு எழுதாமல் இருக்கிறோம்.

பெரியம்மா கடைசியில் ஈப்போவில் ஏற்கெனவே இரண்டு சாம்பல் கிளிகள் வைத்திருந்த ஒரு தம்பதியிடம் அதைக் கொடுத்தார். விற்கவில்லை, சும்மா கொடுத்தார். நெஞ்சில் முழுதாக இறகு வளரவில்லை என்று சொன்னார்கள். இறகுக் குழி கெட்டுவிட்டால் திரும்ப முளைக்காது. ஆனால் புதிதாகப் பிடுங்குவது குறைந்திருக்கிறதாம். மற்ற இரண்டும் கத்தும்போது அதுவும் சேர்ந்து கத்துகிறதாம், கிளிச் சத்தத்தில்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒரு மக்காவையோ காக்காத்துவாவையோ வாங்கும் யோசனையில் இருக்கலாம். அழகான பறவைகள், ஆசை வருவது இயல்பு. கடைக்காரரிடம் விலை, தீனி, உரிமம் எல்லாம் கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளலாம்: நாற்பது வருடம் கழித்து ஒரு சாயங்காலம் இந்தப் பறவை கூப்பிடும்போது, அந்த வீட்டில் பதில் சொல்ல யார் இருப்பார்கள்? ஒரு பெயர் வந்தால், அந்த ஆளிடம் போய்க் கேளுங்கள். பெயர் வரவில்லையென்றால் குஞ்சை அதன் தாயிடமே விட்டுவிடுங்கள்.